ஒற்றைப்படையில் ஒரு கோலாட்டம்

விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காய வைத்த கோலாட்டக் குச்சிக்கு ஒரு வாசனை உண்டு. நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தால் பெண்கள் கையெல்லாம் அந்த வாசனைதான். நான் சொல்வது நாற்பதுகளில்... எனக்குப் பதினாறு வயது. இப்போது தொண்ணூறைத் தாண்டியாயிற்று. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் அடிக்கிறாள்.

எந்த ஆட்டம் முதலில், எது பிறகு என்று முடிவு செய்வது என் அண்ணன் மனைவி. நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, அப்படியும் இப்படியும் நகர்த்தி யோசிப்பாள். வட்டம், வட்டத்துக்குள் வட்டம், பின்னல்... ஒரே மாதிரி ஆடினால் பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்பாள்.

அந்த வருடம் மட்டும் பாதிக்குமேல் எதிர் வரிசை! இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று தட்டுவோம். பாட்டுக்கு நடுவே அவள் "மாத்து" என்றால் ஆளுக்கு ஓரிடம் நகர வேண்டும்.

நாங்களோ பதினைந்து பேர். ஜோடி இல்லாதவள் வரிசைக் கடைசியில் சும்மா நிற்கணும். பதினாறாவதாக ஒருத்தி தானே வந்தாள். அவளையும் நங்கையா வேண்டாமென்று அனுப்பிவிட்டாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. என்னைப் பெண் பார்க்க, மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் தம்மம்பட்டியிலிருந்து நோம்பிக்கு வந்திருந்தார்கள். அந்த வரிசைக் கடைசியிலேயே அவர்களுக்குப் பாய் போட்டவளும் இவள்தான்.

"ஏனுங்க நங்கையா, என்னையச் சந்தையில மாடு நிறுத்தற மாதிரி நிறுத்தப் போறீங்களா?"

"குடுத்த எடத்துல நில்லு சாமி. வாயத் தொறக்காத."

என்னைத் தள்ளிவிட்டு வீட்டைத் தனியாக ஆளப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக அப்பா வேறு சொல்லிவிட்டார்.

பொழுது சாய ஆட்டம் தொடங்கியது. என் முறை வந்து கடைசியில் நின்றேன். பாட்டு ஒரு தரம் முடிந்தது, இரண்டாம் தரமும் முடிந்தது... நங்கையா "மாத்து" சொல்லவே இல்லை! அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பாயிலிருந்து கிசுகிசு கேட்டது.

"மூத்த சம்சாரம் இருக்கிறத இப்பவே சொல்லிடலாமா?" என்றாள் அத்தை.

"மொதல்ல தாலி ஏறட்டும். அப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணிடுவா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

என் கைக்குச்சி கீழே விழுந்தது. நங்கையா என்னைப் பார்த்தாள்.

"மாத்து!"

அன்றே அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். வெற்றிலை பாக்கு மாறவில்லை.

நங்கையா பிறந்த ஊர் தம்மம்பட்டிக்குப் பக்கம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் மருமகள் சொன்னால் யார் கேட்பார்கள்? சம்பந்தத்தைக் கலைக்கிறாள் என்று அவள்மேலேயே பாய்ந்திருப்பார்கள்.

இப்போது நூற்றுக்கணக்கில் ஒரே நிறச் சேலை கட்டி, மைக் வைத்து ஆடுகிறார்கள். பேத்தி வீடியோ காட்டினாள். அழகாகத்தான் இருக்கிறது. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகவே சொல்லிவிடுகிறாள், அதுவும் நல்லதுதான்.

நங்கையா போய் வெகுகாலம் ஆயிற்று. அவளைத் தப்பாக நினைத்ததை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கும்... தெரிந்தும்தான் விடாமல் பாடியிருக்கிறாள்.