கம்பளைச் சந்தையில் விலை கேட்டது

முப்பதுகளின் தொடக்கத்தில், தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், நான் கொழும்பில் பட்டப்படிப்புக்குப் பொருளியல் படித்தேன். விடுமுறையில் ஏதாவதொரு சந்தையில் விலைகளை விசாரித்துக் கட்டுரை எழுதி வரும்படி விரிவுரையாளர் சொன்னார். எங்கள் ஊர் மடவளை. கம்பளையில் மாமாவுக்குக் கடை இருந்ததால் அவர் வீட்டில் போய்த் தங்கினேன்.

சந்தை நாளில் கோட்டு அணிந்து, பென்சிலும் தாளுமாகக் கடை கடையாக ஏறினேன். என்னை அறியாத வியாபாரிகள் அரசாங்க ஆள் என்று நினைத்து, அரிசிக்கும் வெங்காயத்துக்கும் விலையைக் குறைத்துச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெண்கள் அந்த விலைக்கே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி கூடையுடன் என் பின்னாலேயே வந்தாள்.

"ஐயா, அடுத்த கடைக்கும் வாங்க. கருவாடு வாங்கணும்."

போனேன். கருவாட்டு விலையும் இறங்கியது.

மாலையில் மாமா கோபமில்லாமல் சொன்னார். "மருமகன், நீங்க படிக்கிறது நல்லம். ஆனா அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு கடத்தெருவுக்கு வராதீங்க."

அடுத்த சந்தைக்குச் சாரம் உடுத்து, பையுடன் போனேன். யாரும் கவனிக்கவில்லை. கடைக்குக் கடை கொஞ்சம் வாங்கியே விலை கேட்டேன்; வழக்கமான விலைகள் கிடைத்தன. இவ்வளவு வெங்காயத்தை என்ன செய்வது என்று மாமி கேட்டார்.

கட்டுரையில் இரண்டு விலைகளையும் எழுதினேன். விரிவுரையாளர் முதலாவதை அடித்தார். அந்த விலைக்குப் பெண்கள் உண்மையிலேயே வாங்கினார்கள் என்றேன்.

"அது சந்தை விலை இல்லை," என்றார் அவர்.