நடுவில் கால் இல்லாத இறால்

புதுவாயல் கூட்டுரோடு பக்கம் ஒரு மாடியில் எங்கள் லேப். மின்நிலையத்துக்குக் கடல்நீர் வரும் கால்வாயில் கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் என்னென்ன ஜீவன் ஒட்டுகிறது என்று பார்த்துச் சொல்வது அங்கே தொழில். இதற்கெல்லாம் ஓர் ஆபீஸ்!

எனக்கு அது சோதனை மாதம். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கைக்குழந்தையோடு மறுபடி ஏதாவது கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். முன்பு கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும், "இன்மே நீ நின்னுக்கினு வேலை செய்ய மாட்டே" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டான். நாசமாய்ப் போக.

அன்று லேபை நடத்தும் மேடம் கயிற்றிலிருந்து சுரண்டியதை ஒரு தட்டில் கொடுத்தார். "எலும்புக்கூடு இறாலை மட்டும் தனியா எடும்மா. குச்சியாட்டம் இருக்கும், முன்னாடி பெரிய கொடுக்கு" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அடக் கடவுளே, சோறே காணாத ஜென்மம்! முன்னால் கும்பிடுகிற மாதிரி கொடுக்கு. பின்னால் பிடித்துத் தொங்க மூன்று ஜோடிக் கால். நடுவில் இரண்டு கணுக்களில் மட்டும் கால் இல்லை, ஏதோ உருண்டைகள் தொங்கின. ஒன்றல்ல, அத்தனையும் அப்படி. உடைந்த சரக்கு! பழக்கதோஷம், மூடிக் கம்பெனியில் ரிஜெக்ட்டைப் போடுகிற மாதிரி எல்லாவற்றையும் சிவப்பு டப்பாவில் தள்ளினேன். கால் முழுசாக இருந்த ஏதோ குண்டுப் பூச்சிகளை நல்ல டப்பாவில் போட்டேன்.

மேடம் வந்து நல்ல டப்பாவைப் பார்த்தார். "இன்னாம்மா இது? நான் கேட்டது எங்க?"

"எல்லாம் ஒடைஞ்சிகீது மேடம். ரிஜெக்ட்."

"கொட்டிட்டியா?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கையெழுத்து இல்லாம ரிஜெக்ட்டக் கொட்டக் கூடாது மேடம்." சிவப்பு டப்பாவை நீட்டினேன்.

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "அதுக்கு நடுவுல காலே கெடையாது. அந்த உருண்டை செவுளு, மூச்சு வுட. இது பொம்பளை. செவுளு பக்கத்துல பை கீது பாரு, உள்ள குஞ்சுங்க."

பார்த்தேன். பை நிறைய நூல் நூலாகப் பிள்ளைகள். வயிறும் பிள்ளையுமாக இருந்தவளை, சரியில்லை என்று இந்தத் தடவை நானே தள்ளியிருக்கிறேன்.

"கேக்காம எதையும் கொட்டலயே, அது போதும். நாளைக்கி ஆதார் ஜெராக்ஸ் கொண்டாந்துடு" என்றார் மேடம். வேலை நிரந்தரம்!

முதலில் அந்தப் பிள்ளைத்தாச்சியைத்தான் நல்ல டப்பாவுக்கு மாற்றினேன்.