சாஜிதா தன் பேரில் அடித்த ஃபேக்ஸ்

சூலூரில் தம்பிதுரையின் துண்டு கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் சாஜிதா பேகம்தான். தெரியும் என்றால், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்துப் பழகிய மாதிரிக் கடிதங்கள் அளவுக்குத் தெரியும். சரக்கு தாமதமா? 'ரிக்ரெட்', வருந்துகிறோம். எண்ணிக்கை குறைந்ததா? அதற்கும் 'ரிக்ரெட்'. எந்தப் புண்ணுக்கும் ஒரே களிம்பு. கோவை கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸேறி வந்து, ஐந்து வருஷமாக அதைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறில் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜெர்மனிக்கு வெள்ளைத் துண்டு போக வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் பூஜை என்றால் தறியோடு நிற்காது. மோட்டாருக்கு, தராசுக்கு, ஃபேக்ஸ் மெஷினுக்குக்கூடப் பொட்டு வைத்தாக வேண்டும். கப்பலேறப் போகிற சரக்கைச் சும்மா விடுவார்களா? பேக்கிங் பார்க்கும் கருப்பாத்தாள், சொம்பில் மஞ்சள் தண்ணீரை எடுத்து மாவிலையால் தெளித்து, குங்குமமும் தூவிக்கொண்டே போனாள். முன்வரிசை அடுக்கு அவளுக்கு மறைத்த கடைசி வரிசையில் பன்னிரண்டு பெட்டிகள் டேப் ஒட்டாமல் திறந்து கிடந்தன.

அது அத்தனையும் துண்டு மேலேயே விழுந்ததை, பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்ற சாஜிதா பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். சாமி காரியத்தில் ஒரு முஸ்லிம் பெண் குறுக்கே பேசினால் நன்றாகவா இருக்கும் என்று விழுங்கிவிட்டாள். அங்கே யாரும் அவளை வேற்றாளாக நினைத்ததில்லை. இவளாக நினைத்துக்கொண்டதுதான். அதற்குள் பெட்டிகளை மூடி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

கார்த்திகைக் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. பன்னிரண்டு பெட்டித் துண்டிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கறை, என்ன நடந்தது என்று கேட்டிருந்தார்கள்.

"பேக்கிங் பண்ற பொம்பளயோட கவனக்கொறவுன்னு எழுதிப்போடுங்க, அம்மணி. ஆளை நிறுத்திப்போட்டோம்னும் எழுதுங்க" என்றார் தம்பிதுரை.

"நெசமாவே நிறுத்தப் போறீங்களாங்க?"

"எழுதுனா நிறுத்தித்தானுங்க ஆகோணும்."

தம்பிதுரை பொய் எழுதுகிற மனுஷரல்ல. எழுதியதை உண்மையாக்கிவிடுவார், அவ்வளவுதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மாவா? கருப்பாத்தாளின் புருஷன் படுத்த படுக்கை. இந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சாஜிதா தன் மேஜைக்கு வந்து பேப்பரைச் செருகி, வழக்கம்போல் ரிக்ரெட்டில் ஆரம்பித்தாள். விஷயம் காதில் விழுந்து கருப்பாத்தாளே வந்து நின்றாள்.

"ஏங்கண்ணு, மஞ்சத்தண்ணி நாந்தான் தெளிச்சேன். பெட்டி தொறந்து கெடந்ததே எனக்குத் தெரியிலயே. ஆராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனே!"

சாஜிதாவுக்குக் காது மடல் வரை சுட்டது. நிமிர முடியவில்லை. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஒரு சொல் அப்போதுதான் மனசில் எழுந்தது: 'அஷேம்ட்'. பரீட்சையில் அதற்கு 'வெட்கமடைந்த' என்று எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். மார்க்கு கிடைத்ததே தவிர, அர்த்தம் இன்றைக்குத்தான் கிடைத்தது. எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே, இதுதான். ரிக்ரெட்டைக் கம்பெனி படும், லெட்டர்பேடு படும். இதை ஓர் ஆள்தான் பட முடியும்.

பேப்பரை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செருகினாள். 'ஐ ஆம் அஷேம்ட்' என்று தொடங்கினாள். பூஜைத் தண்ணீர் துண்டில் விழுந்ததைத் தான் பார்த்ததையும், வாயை மூடிக்கொண்டு இருந்ததையும், பேக்கிங் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதையும் அடித்து, கீழே தன் பேரைப் போட்டாள்.

தம்பிதுரைக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வரி வரியாக அவர் முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள்.

"அனுப்புனா இதை அனுப்புங்க. இல்லீன்னா கருப்பாத்தாக்காவுக்குப் பதிலா என்னை நிறுத்திப்போடுங்க."

அவர் கோபப்படவில்லை. பேப்பரின் முதல் வரியில் விரலை வைத்தார். "இந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

"தப்பு நடந்துபோச்சேன்னு வருத்தப்படறது இல்லீங்க. அந்தத் தப்புல நாம இருந்தோம்னு, நம்ம மூஞ்சிய நாமளே பாக்க முடியாம போறதுங்க."

தம்பிதுரை அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார்.

"அன்னிக்கு ஆரத்தித் தட்டோட முன்னால போனது நாந்தானுங்க" என்றார். "பெட்டி தொறந்து கெடந்ததை நானும் பாத்தேன். நல்ல நேரம் தப்பிப்போயிருமேன்னு, சீக்கிரம் தெளிச்சுட்டு வான்னு அவளை முடுக்குனதே நாந்தான்."

பேப்பரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பேருக்குக் கீழ எம்பேரையும் அடிங்க, அம்மணி. மொதலாளின்னு போட வேண்டாம். பேரு மட்டும் போதும்."