அப்பா தூங்கும் நேரம்

சத்தம் போட்டால் பிள்ளைகளை அடிக்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த வசதியும் கிடையாது. அடித்தால் நாங்கள் அழுவோம், அழுதால் அப்பா எழுந்துவிடுவார். அதனால் அம்மா எங்களைக் கண்ணாலேயே மிரட்டி வளர்த்தாள்.

அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் மெஷின் பிரிவு, எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தாரென்றால் மாலை நாலு மணி வரை தூக்கம். ஈஜிபுராவில் எங்களுக்கு இருந்தது ஒரே ஓர் அறையும் அதை ஒட்டிய சமையலறையும்தான். அறையின் நடுவில் அப்பா படுத்திருப்பார். விடுமுறை நாட்களில் நானும் அண்ணனும் சுவரோரமாக உட்கார்ந்து, புத்தகத்தின் பக்கத்தைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் திருப்புவோம்.

பேசாமல் வாழ ஒரு வழி தானாக வந்துவிட்டது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினால் ‘அது என்னுடையது’. கடைசி வடைக்குச் சண்டை வந்தால் நானும் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து நெஞ்சில் தட்டிக்கொண்டே இருப்போம். புதிதாக யாராவது பார்த்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் நெஞ்சுவலி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

குக்கர் விசிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்பாவின் தலைமாட்டிலிருந்து நாலடி தூரத்தில் அது மூன்று முறை அலறும். அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், அப்பாவும் அசைய மாட்டார். சோறு வேக வேண்டுமே, அதனால் அந்தச் சத்தம் பரவாயில்லை போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பா விழித்திருக்கும்போதும் அவரிடம் நேராக எதையும் கேட்க முடியாது. மனுவை அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும். அவள் அவர் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். அவர் தலையாட்டுவார். எங்க அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று பள்ளியில் நான் பெருமையடித்துக்கொண்டதுகூட உண்டு.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். வீட்டில் அடங்கிக் கிடந்ததையெல்லாம் மைதானத்தில் காலால் தீர்த்துக்கொண்டான். எங்கள் பகுதிச் சிறுவர் அணியில் அவன்தான் டிஃபென்ஸ். அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். அந்த அணியின் கோல்கீப்பர் குடும்பத்தோடு ஓசூருக்குக் குடிபோய்விட, எல்லையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கோச் அண்ணா நிற்கச் சொல்லி ஏற இறங்கப் பார்த்தார். நான் ஆறாம் வகுப்புக்கு ரொம்ப உயரம். என்னுடைய தகுதி அவ்வளவுதான்.

கோச் அண்ணா காலையில் ஒரு ஜிம்மில் வேலை பார்த்த இளைஞர், கல்லூரியில் கோல்கீப்பராக இருந்தவர். பந்தைப் பிடிக்க எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை.

“வாயில என்ன பாப்பா, பூட்டு போட்டிருக்கா? நீ கடைசியில நிக்கிற. மத்தவங்க எல்லாம் உனக்கு முதுகக் காட்டிட்டு ஆடறாங்க. கிரவுண்டு முழுசும் உனக்கு மட்டும்தான் தெரியுது. நீ பார்த்தத நீ சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஜோரா, நல்லா சத்தமா சொல்லு!”

மூன்று சொல் கற்றுக்கொடுத்தார். பந்தை நான் எடுக்க வருகிறேன் என்றால் ‘கீப்பர்’. அடித்து விரட்டு என்றால் ‘அவே’. பின்னால் எதிராளி வருகிறான் என்றால் ‘மேன்’. நான் கீப்பர் என்று கத்திவிட்டால் டிஃபென்ஸ் விலகிவிட வேண்டும். கத்தாவிட்டால் அது அவனுடைய பந்து. இவ்வளவுதான் பாடம். நானோ லைப்ரரியில் புத்தகம் கேட்கிற குரலில் கீப்பர் என்றேன்.

ஒருநாள் அவர் அண்ணனின் கண்ணைத் துண்டால் கட்டி, பந்தைப் பத்தடி தள்ளி வைத்தார். நான் மட்டும் பேச வேண்டும், என் குரலை வைத்து அவன் பந்திடம் போக வேண்டும். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். நான் கையை இடப்பக்கம் ஆட்டினேன். அவன் போகவில்லை என்றதும் இன்னும் வேகமாக ஆட்டினேன். கண்ணைக் கட்டிய ஆளுக்குக் கை காட்டுகிறாள் என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் நேராகக் கோல் கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். நெற்றிக்கும் இரும்புக்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும். “அண்ணா, நில்லு!”

நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அண்ணன் துண்டை அவிழ்த்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். “இவ்ளோ சத்தத்த எங்கடி வெச்சிருந்த?” என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் நான் கத்தக் கற்றுக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் என்னைவிடப் பெரிய பையன்கள் விலகினார்கள், ஓடினார்கள். ஆனால் திரும்பி வரும்போது எங்கள் சந்து முனையிலேயே குரல் அடங்கிவிடும். செருப்பை வாசலில் கழற்றுவது போல அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அல்சூர் பக்கத்தில் ஒரு மைதானத்தில் போட்டி என்று முடிவானது. அண்ணனைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வருவதாகக் கோச் அண்ணா சொன்னார். அவருக்குப் பிடித்துப்போனால் ஹாஸ்டல், படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா இந்தச் செய்தியை அப்பாவின் எதிரில் நின்று இரண்டு முறை சொன்னாள். அப்பா வழக்கம் போலத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தபோது கேட்டருகே அப்பா நின்றிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், சாப்பாட்டுப் பையோடு நேராக வந்திருந்தார். அதற்கு முன் அவர் எங்கள் ஆட்டம் எதையும் பார்த்ததில்லை. அண்ணன் என் முதுகில் ஒரு குத்துக் குத்தினான். சந்தோஷம் தாங்காதபோது அவன் அப்படித்தான் செய்வான்.

முதல் பாதியில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். நாங்கள் ஒரு கோல் முன்னிலை. அண்ணன் மூன்று முறை பந்தைப் பறித்தான். கிளப்பிலிருந்து வந்தவர் கோச் அண்ணாவிடம் ஏதோ கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாற்றினார்கள். என் கோலுக்குப் பின்னால் ஒரு மரமும் அதன் அடியில் சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. பெஞ்சில் அப்பா சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டு அறையின் நடுவில் எப்படிக் கிடப்பாரோ அதே மாதிரி, ஐந்தடி தூரத்தில்.

என் குரல் தானாக இறங்கியது. நான் யோசித்து அப்படிச் செய்யவில்லை. யோசித்திருந்தால் கத்தியிருப்பேன். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கோச் அண்ணா, “பாப்பா, வாய்ஸ்! ஜோரா!” என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தினேன். கொஞ்சம் பொறுங்கள் என்று.

ஓரத்திலிருந்து ஒருவன் பந்தை உயரமாகத் தூக்கி அடித்தான். அது என் பந்து, சந்தேகமே இல்லை. அண்ணன் அண்ணாந்து பந்தைப் பார்த்தபடியே என்னை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தான். நான் முன்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே கிளவுஸ் போட்ட கையால் நெஞ்சில் தட்டினேன். ‘அது என்னுடையது.’ அவனுடைய முதுகுக்குத்தான் சொன்னேன். குரல் வராததால் தன்னுடைய பந்து என்று அவன் எம்பினான்.

இருவரும் ஒன்றாக விழுந்தோம். மடங்கிய அவன் முழங்கால் மேல் என் முழு எடையும் இறங்கியது. அண்ணன் அலறினான். அப்படி ஓர் அலறலை அதுவரை அவனிடமிருந்து நான் கேட்டதில்லை. ரோட்டில் போன ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். விசில், கூச்சல், எல்லோரும் ஓடிவருகிற சத்தம். பெஞ்சில் அப்பா மட்டும் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார். கோச் அண்ணா போய்த் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழுந்து திருதிருவென்று விழித்தார். பாவம், அப்பாவுக்கு எவ்வளவு அசதி என்று நான் நினைத்தேன்.

கிளப்பிலிருந்து வந்தவர் நல்ல மனிதர். ஐஸ் வாங்கிவரச் சொல்லி முழங்காலில் அவரே வைத்துக்கட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டான். “ஏன்டி சொல்லல?” அதற்குப் பிறகு அவன் கேட்டதே இல்லை. அவன் கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இப்போது அவனும் பொம்மசந்திராவுக்கு அதே பஸ்ஸில்தான் போகிறான். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து வலது காலைத் தூக்கி வைப்பான்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் காது போயிருப்பது தெரிந்துவிட்டது. அரசு மருத்துவமனைக்கு அம்மாவோடு நானும் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்றார்.

“பாப்பா மூணாவது படிக்கிறப்பவே சுத்தமா போயிடுச்சு சார்,” என்றாள் அம்மா.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். “அப்ப எதுக்கும்மா எங்க வாயக் கட்டிப் போட்ட?”

அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். “நீங்க கத்தி அவரு எழுந்திரிக்கலன்னா உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். நம்ம வரிசையில மூணு வீட்டுக்காரங்க அதே கம்பெனி. பசங்க வாயில ஒரு விஷயம் நிக்குமா? தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்கடி.” மருந்துச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குச்சி மாதிரி ஆக்கிவிட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டுப் போட்ட காலோடு அண்ணனை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அன்றிரவும் ஷிப்ட் இருந்ததால் அப்பா பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, தாழ்ந்த குரலில், “என்னதான்டி ஆச்சு?” என்று கேட்டாள்.

வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். “அப்பா பின்னாடியே தூங்கிட்டிருந்தாரும்மா. கத்துனா எழுந்துடுவாரேன்னு கை காமிச்சேன்.” எவ்வளவு பெரிய தப்பு நடந்திருந்தாலும், அவள் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் இருந்ததற்காவது என் தலையைத் தடவுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டும் அழுகை நிற்கவில்லை. துணியைத் தாண்டிச் சத்தம் வெளியே வந்தது. அண்ணன் காலை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. எழுந்துவிடப் போகிறாரே என்று பயந்துபோய், அம்மாவின் வாயை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தினேன்.