இன்குபேட்டரை நிறுத்தி ரிஜிஸ்டர் பார்த்த கதை

ஓடிக்கொண்டிருந்த இன்குபேட்டரை நானே நிறுத்திவைத்துவிட்டு, அது ஏன் சரியாக ஓடவில்லை என்று ஆராய்ந்த அறிவாளி நான். இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பட்டறை. 8085 ப்ராசஸர் வைத்து நான் செய்த வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த முத்துசாமி வாங்கியிருந்தார். முட்டைத் தட்டுகள் அடுக்கிய அவருடைய இன்குபேட்டரில் சூடு குறைந்தால் பெட்டி ஹீட்டரைப் போடும்; கூடினால் அணைக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் ரிலே ‘டக்’ என்று அடிக்கும். சூடு எல்லை மீறினால் தானாக அணைக்க ஒரு தெர்மோஸ்டாட்டும் இருக்கட்டும் என்றான் என் கூட்டாளி. ப்ராசஸர் இருக்கும்போது அது எதற்கு என்று சிரித்தவன் நான்.

குஞ்சு பொரிக்கும் தறுவாயில், பெட்டி அவ்வப்போது உறைந்து அப்படியே நின்றுவிடுகிறது என்று பண்ணையிலிருந்து ஆள் வந்து சொன்னார். போனேன். முட்டைகளை வெளியே எடுக்க முடியாது. ஓட ஓடத்தான் பார்க்க வேண்டும்.

“உள்ளார உசுரு கத்துதுங்க சார். காத வெச்சுப் பாருங்க,” என்றார் முத்துசாமி.

ஒரு முட்டையில் காதை வைத்தேன். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு கீச்சல்.

ப்ராசஸர் கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்து வைத்திருக்கும் கைகள்தாம் ரிஜிஸ்டர்கள். ஓடும் புரோகிராமை வழிமறித்து அந்த எண்களைப் பார்க்க உதவுவது டீபக்கர். செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திச் சரக்கு பார்ப்பதுபோல. நான் எழுதிய டீபக்கரோ மூட்டை மூட்டையாக இறக்கிப் பார்க்கிற செக்போஸ்ட். ஏ ரிஜிஸ்டருக்கு ஒரு சப்ரொட்டீன், அதாவது ஒரு குட்டி புரோகிராம்; ‘பி’க்கு ஒன்று, ‘சி’க்கு ஒன்று. ஒன்றைக் காட்டிவிட்டு, அடுத்த பொத்தானை நான் அமுக்கும்வரை ப்ராசஸர் காத்துக்கொண்டிருக்கும். அதன் கம்பீரத்தில் எனக்கு அப்படியொரு பெருமை.

டீபக்கரில் பிரேக் கொடுத்து புரோகிராமை நிறுத்தினேன். ஏ. எழுதிக்கொண்டேன். பி. எழுதிக்கொண்டேன்.

“ஏனுங்க, நூத்தி ரெண்டு காட்டுதுங்க,” என்றார் தெர்மாமீட்டர் அருகே நின்ற முத்துசாமியின் மனைவி ருக்மணி. இருக்க வேண்டியது நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொஞ்சம் கீழே.

“ஒரு நிமிஷம்மா. இன்னும் ஹெச், எல் பாக்கி.”

“நூத்தி மூணுங்க சார்!”

அப்போதுதான் உறைத்தது. வெகுநேரமாக ‘டக்’ சத்தமே இல்லை. நான் பிரேக் கொடுத்தபோது ஹீட்டர் போட்டபடி இருந்திருக்கிறது. ப்ராசஸர் என் பொத்தானுக்காகக் காத்திருந்ததால் அதை அணைக்க ஆளில்லை. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. கீச்சல் கேட்கிறதா என்று காதை வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

“என்னுங்க சார் பண்ணீங்க?” முத்துசாமி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

“சாயங்காலத்துக்குள்ள வந்துர்றேன். அதுவரைக்கும் தெர்மாமீட்டரைப் பாத்துக் கையாலயே ஹீட்டரப் போட்டு அணைங்க.”

“ஓடிற மாட்டீங்களே?”

அந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன். “சார், செருப்புங்க!” என்று ருக்மணி கத்தியது பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது.

ராசிபுரம் தாண்டும்வரை எந்தத் தட்டில் எத்தனை செத்திருக்கும் என்றே யோசித்தேன். பிறகு பயமே யோசிக்க வைத்தது. ரிஜிஸ்டரை ஒவ்வொன்றாக ஏன் கேட்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புஷ் செய்து, மெமரியில் ஓரிடத்தில் நகல் எடுத்துவிட்டு, ப்ராசஸரை உடனே அதன் வேலைக்கு அனுப்பிவிடலாம். சும்மா இருக்கும் இடைவெளிகளில் அது அந்த நகலைக் காட்டட்டும். லாரி போய்விடும், சரக்குப் பட்டியல் நம் கையில் இருக்கும். அத்தனை சப்ரொட்டீன்களும் ஒரு சின்னத் துண்டாகச் சுருங்கின. பட்டறையில் அதை புரோகிராம் பதியும் ஈப்ராம் சிப்பில் ஏற்றி, ஏற்றும் கருவியையும் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு திரும்பினேன்.

முத்துசாமி சுவிட்சில் கை வைத்தபடி, காலையில் பார்த்த அதே இடத்தில் இருந்தார். சிப்பை மாற்றிப் பொத்தானை அமுக்கினேன்.

டக்.

டிஸ்ப்ளேயில் எண்கள் வந்துகொண்டிருந்தன. ரிலே தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி உறைந்த காரணமும் சிக்கியது. குறித்த நேரத்துக்கொரு முறை குறுக்கிட்டு ஓடும்படி நான் எழுதிய டைமர் இன்டரப்ட், ஹெச், எல் ரிஜிஸ்டர்களில் இருந்த எண்களைப் பத்திரப்படுத்தாமல் அழித்துக்கொண்டிருந்தது. பழைய டீபக்கர் டைமரையும் சேர்த்து நிறுத்தியதால் நான் பார்க்கும் நேரத்தில் குற்றவாளி எப்போதும் லீவில் இருந்தான். திருத்தி ஏற்றினேன்.

குஞ்சுகள் வந்தன. ஹீட்டரை ஒட்டிய மேல்தட்டில் பல முட்டைகள் மட்டும் திறக்கவே இல்லை. அவற்றைக் கூடையில் எடுத்துப்போன ருக்மணி என் பக்கம் திரும்பவில்லை. அடுத்து செய்த பெட்டி தொடங்கி எல்லாவற்றிலும் தெர்மோஸ்டாட் வைத்தோம். பார்ப்பதும் ஒரு வேலைதான், அதுவும் ஓடும் இயந்திரத்தின் நேரத்தைத் தின்னும் என்பது அன்று நான் கற்றது. இளைஞர்களே, எடுப்பதை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு வழிவிடுங்கள்.

இந்தத் தத்துவத்தைப் பெட்டியைச் சரிசெய்த அன்றே முத்துசாமிக்கும் விளக்கினேன், கொஞ்சம் நீளமாகவே. பொறுமையாகக் கேட்டார். என் செருப்பைக் காலருகே தள்ளிவைத்தார்.

“அப்ப, நீங்க தொந்தரவு பண்றத நிறுத்துனதுக்குத்தான் ரிப்பேருன்னு பேருங்களா?”