டேப்பைத் தின்ற ஆள்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எந்த எடிட்டரில் புரோகிராம் எழுதுகிறார் என்பது அவருடைய ஜாதகத்தைவிட முக்கியம். நான் பழைய கட்சி. கறுப்புத் திரை, வெறும் கீபோர்டு. மவுஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத எடிட்டர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுப்பேன். மவுஸைத் தேடிக் கை போகிற நேரத்தில் நான் நாலு வரி எழுதிவிடுவேன் என்பேன். எழுதியும் காட்டுவேன். எந்த நாலு வரி என்பதை முந்தின நாளே மனப்பாடம் செய்துவைத்திருப்பேன்.

உண்மையில் நான் கட்சி மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரே பயன்படுத்தும் மவுஸ் எடிட்டரைத் திருட்டுத்தனமாக ஏற்றி, அதற்கும் கறுப்புச் சாயம் பூசிவைத்திருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று பழைய திரைக்குத் தாவுவேன். இப்படி வாழ்கிற மனுஷனுக்கு அடுத்தவர்கள் மேல் சந்தேகம் வருவது இயற்கைதானே.

அந்தச் சமயத்தில்தான் பில்ட் நிற்க ஆரம்பித்தது. நாங்கள் எழுதுவதையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஓடவைக்கிற வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர்; அதற்கென்று ஒரு பொது மெஷின் உண்டு. எல்லோருக்கும் ஒரே லாகின்; எந்நேரமும் பத்துப் பேர் உள்ளே இருப்பதால் யார் கைவைத்தார்கள் என்று தெரியாது. அதிலுள்ள ஒரு ஃபைலில் வரிகளுக்கு முன்னால் டேப், அதாவது டேப் விசையை ஒரு தட்டுத் தட்டி விட்ட இடைவெளி, இருக்க வேண்டும். டேப்புக்குப் பதில் நாலு ஸ்பேஸ் இருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பில்ட் மட்டும் படுத்துவிடும். யாரோ டேப்பையெல்லாம் ஸ்பேஸாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சரிசெய்வோம். மறுநாள் மறுபடியும் ஸ்பேஸ்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். புரொபேஷன் முடியப்போகிறது. மவுஸ் எடிட்டரைப் பட்டப்பகலில், ரோஸ் கலர் திரையோடு, கூச்சமே இல்லாமல் பயன்படுத்துவாள். வேறு யார் மேல் எனக்குச் சந்தேகம் வரும்? அவளை நிரந்தரமாக்கலாமா என்று டீமை நடத்துகிற லீட், சீனியர் என்ற முறையில் என்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "கொஞ்சம் பொறுங்க சார், பில்ட் விஷயம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் வேலை தொங்க ஆரம்பித்தது.

விஷயம் அவள் காதுக்குப் போயிருக்கிறது. காபி மெஷின் பக்கத்தில் மடக்கினாள்.

"என் மேல டவுட்டாண்ணா?"

"சேச்சே, பொதுவா எல்லார் மேலயும்தான்."

"அந்த எல்லார்ல நீங்களும் உண்டா?"

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு கண்காணிப்பைக் கூட்டினேன். அவள் சீட்டை விட்டு எழுந்தால் போதும், ஃபைலைத் திறந்து பார்ப்பேன். டேப் பத்திரமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் பில்ட் நிற்கும். என்ன வேகம் இந்தப் பெண்ணுக்கு என்று எனக்கே வியப்பாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் டீம் முழுக்க பிரேசர் டவுனுக்குப் பிரியாணி சாப்பிடக் கிளம்பியது. வயிறு சரியில்லை என்று சொல்லி நான் காவலுக்குத் தங்கிவிட்டேன். அவள் லாப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். பிரியாணிக்கு எதற்கு லாப்டாப்?

ஃபைலைத் திறந்தேன். டேப் இருந்தது. பத்து நிமிடத்தில் பில்ட் நின்றது. ஆள் மாட்டிக்கொண்டாள் என்று துள்ளிக் குதித்து, அந்த நேரத்தில் மெஷினுக்குள் இருந்தது யார் என்று பார்த்தேன். ஒரே ஒரு இணைப்பு. என் லாப்டாப்.

அப்புறம்தான் என் இடது கையைக் கவனித்தேன். எந்த ஃபைலைப் பார்த்தாலும் மூடுவதற்கு முன்னால் சேவ் விசைகளைத் தானாக ஒரு தட்டுத் தட்டுகிறது. பத்து வருடப் பழக்கம். தட்டினால் என் ரகசிய எடிட்டர் வரிகளைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று டேப்பையெல்லாம் ஸ்பேஸாக்கிவிடுகிறது. அந்த வசதியைத் தேடிப் பிடித்து ஆன் செய்தவனும் நான்தான். ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கெடுத்திருக்கிறேன்.

ஓசூர் ரோடு டிராஃபிக்கில் அவர்கள் திரும்பிவர நாலு மணி ஆனது. அதுவரை யோசித்தேன். சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் லீட் மண்டைக்குள் நான் போட்ட சந்தேகத்தை யார் சரிசெய்வது?

"சார், டேப்பைத் தின்னது நான்தான்" என்று எல்லோர் முன்னாலும் லீட்டிடம் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "நீங்க அந்த எடிட்டரா யூஸ் பண்றீங்க?"

பில்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என் கட்சியின் இன்னொரு உறுப்பினரான பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். லீட் என் கண்ணெதிரே அவளுடைய கன்ஃபர்மேஷன் மெயிலை அனுப்பினார்.

சாயங்காலம் அவள் என் சீட்டுக்கு வந்தாள். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, பொது மெஷினில் எனக்கு மட்டும் தனியாக ஒரு லாகின் போட்டாள்.

"இனிமே எத்தனை வாட்டி வேணும்னாலும் தொறந்து பாத்து சந்தேகப்பட்டுக்கங்கண்ணா. சேவ் மட்டும் ஆகாது."

அவள் போனதும் சோதித்துப் பார்த்தேன். உண்மைதான்.