துணி கிழித்த கை

"கொப்பி எழுதின கை துணி கிழிக்குமோ?" முல்லைத்தீவுப் புடவைக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமை விற்பனையாளர் கேட்டது இது. அவரை நாங்கள் அண்ணை என்றே அழைப்போம். மேசையில் பூப்போட்ட சீத்தைத் துணி விரிந்து கிடந்தது. நான் ஓரத்தில் கத்தரிக்கோல் வைப்பதற்குள் அவர் அதைப் பறித்துக்கொண்டார். "விடு பிள்ளை, நீ மடிச்சு அடுக்கு." கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அந்தப் பள்ளிக் கொப்பிகளை எவரும் கேலி செய்வதை இன்றும் நான் பொறுப்பதில்லை.

முதலாளியின் பேச்சு சுருக்கமானது. "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியுமட்டும் நில். பிறகு பாப்பம்." அந்தப் பொங்கலுக்கு முந்திய கிழமையை நினைத்தால் இப்போதும் காது இரைகிறது. உழவு மெசினில் பூட்டிய இழுவைப் பெட்டிகளில் ஊர் ஊராகச் சனம் வந்து இறங்கும். யார் உரத்துக் கத்துகிறாரோ அவருக்கே அண்ணை துணி எடுத்துப் போடுவார். இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்கள் பின்னுக்கே தள்ளப்பட்டார்கள். ஒரு தாய், "காலமை வந்தனான், இன்னும் ஒரு முழம் காணேல்லை" என்று சொல்லி வெளியே நடந்தார். அவர் பின்னால் அவர் ஊரே கிளம்பியது. இப்படி நாலு ஊர் போனால் என் வேலையும் போய்விடும்.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தேன். "ஒரு மெசினிலை வந்த ஆக்கள் ஒண்டா வாங்கோ! மற்றவை இருங்கோ, அடுத்தது நீங்கள்தான்." அண்ணை திரும்பிப் பார்த்தார். "இதென்ன, கூப்பனுக்கு அரிசி குடுக்கிற சங்கக்கடை வரிசையோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் கூப்பனைப் பாருங்கோ, நான் துணியைப் பாக்கிறன்."

சனம் இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தது. வாசலைத் தாண்டியிருந்த அந்தத் தாயைக் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். அவரோடு திரும்பிய ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் நடுவில் ஒரே துணிக்கட்டை உருட்டி விரித்தேன். "பிள்ளையள் எல்லாருக்கும் இதிலையே எடுங்கோ அக்கா. கோயில் சனத்துக்குள்ளை துலைஞ்சாலும் துணியைப் பாத்துப் பிடிக்கலாம்." ஒருத்தி ஒத்துக்கொண்டதும் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கட்டு கட்டாக, ஊர் ஊராக, நான் கிழித்தேன். அடுத்தது யார் என்பது தெரிந்தால் சனம் காத்திருக்கும் என்பதை அன்று கண்டுகொண்டேன். மாலையில் விரலிடுக்குத் தோல் உரிந்து எரிந்தது. அந்த எரிவு எனக்குப் பிடித்திருந்தது.

பொங்கல் முடிந்தும் முதலாளி என்னை அனுப்பவில்லை. மேசையில் எனக்கென்று ஒரு பக்கம் வந்தது. அண்ணை மட்டும், "கெட்டிக்காரிதான். எண்டாலும் பொம்பிளைப் பிள்ளை, ஆற்றையோ கடையிலை எவ்வளவு காலத்துக்கு நிப்பாய்?" என்றார். சில வருடங்கள் நின்றேன். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு சொல் மட்டும் என்னை விடவில்லை: ஆற்றையோ கடை, யாரோ ஒருவருடைய கடை.

புதுக்குடியிருப்புச் சந்தையடியில் என் கடைக்கென்று எடுத்த சிறு அறையின் பூட்டுத் திறப்பு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. இன்று காலை அங்கே முதல் துணியைக் கிழித்தேன். வாசல் திரைக்கு. அதே பூப்போட்ட சீத்தை. கிழிசல் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.